மேல்காற்றும் என் இடது தொடையும்

கால் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காத ஆள் இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இல்லை. கோயிலில் பூசை முடிந்ததும் கேட்கிறார்கள். பாசாரில் மீன்காரர் கேட்கிறார். கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "ஏரோப்ளேன்லேர்ந்து பார்த்தா நம்ம ஊரு எப்படி இருந்திச்சு?" என்று அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். என் கால் அவர்களுக்கு ஒரு சாக்குதான். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். கேட்பவர்கள் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

ஆனால் யாரும் கேட்காத ஒன்றையும் இதில் எழுத வேண்டியிருக்கிறது. அந்த விமானம் ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தையால் விழுந்தது. அந்த வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டவன் நான். தண்டனை போக இருந்ததோ இன்னொருவருக்கு.

நான் பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா சிக்னல் போடுகிறவர். என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும், நகரத்துக்குத் தெற்கே வெள்ளைக்காரர்கள் புதிதாக நடத்திய விமானக் கிளப்பில் கிராணி வேலை கிடைத்தது. யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே போனார், எப்போது வந்தார் என்று எழுதுவது, தொலைபேசியை எடுத்துப் பேசுவது, துரைமார்களின் தமிழ் ஆட்களுக்கும் துரைமார்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது, இதெல்லாம் என் பாடு. மூன்று வருடம் விமானத்தின் வாலைத் தள்ளியிருக்கிறேன், அதற்குள் ஏறி உட்கார்ந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், கிளப்பை நடத்திய எங்கள் துரை கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பினார். அங்கே மானேஜராக இருந்த அவருடைய சிநேகிதர், மரங்களை வெட்டி ஒரு சின்ன இறங்குதளம் போட்டிருந்தார். வடக்குத் தெற்காக நீளமான புல்தரை, இரண்டு பக்கமும் ரப்பர் மரம். அந்தப் புல்லை வெட்டுவதும் காவல் காப்பதும் அய்யாக்கண்ணு என்கிற ஆள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர். வழக்கமாக அங்கே ஒரு மூங்கில் கழியில் காற்றுப் பை கட்டியிருக்கும். பை எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று மேலேயிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முந்தின வாரம் அந்தப் பையைக் குரங்குகள் கிழித்துத் தின்றுவிட்டன. புதிதாகத் தைக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை. ஆகவே, "காற்று எப்படி என்று போனில் கேள்" என்றார் துரை.

கேட்டேன். தோட்டத்து ஆபீஸில் யாரோ போய் அய்யாக்கண்ணுவைக் கூட்டி வந்தார்கள். தொலைபேசியை ஒரு மைல் தூரத்தில் பிடித்திருப்பவர் மாதிரிக் கத்தினார்.

"என்னய்யா, அங்க காத்து எப்படி?" என்றேன்.

"மேல்காத்துங்க கிராணியய்யா! விடிஞ்சதுலேர்ந்து மேல்காத்துதான்! கொஞ்சம்…"

"சரி சரி, வர்றோம்" என்று வைத்துவிட்டேன். துரையின் எஞ்சின் அதற்குள் சுற்ற ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய், "காற்றெல்லாம் மேலேதான் சார், கீழே அமைதியாக இருக்கிறதாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் என் வெள்ளைச் சட்டையையும் மினுமினுத்த சப்பாத்தையும் பார்த்தார். என்ன தோன்றியதோ, "வருகிறாயா?" என்றார்.

வருகிறாயா என்று கேட்டால் மூன்று வருடம் வால் தள்ளியவன் என்ன சொல்வான்? முன் இருக்கையில் ஏறிவிட்டேன். லூர்து அப்போது வீட்டில் நான் ஆபீஸில் இருக்கிறேன் என்று நம்பிப் புளிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். லூர்து என் மனைவி. அவளிடம் சொல்லாமல் நான் செய்த முதல் காரியம் அதுதான், கடைசிக் காரியமும் அதுதான்.

மேலேயிருந்து ஊர் எப்படி இருந்தது என்றால், நனைத்துப் போட்ட துணி மாதிரி இருந்தது. ஈயச் சுரங்கக் குட்டைகள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டு அணைந்தன. ரயில் பாதை ஒரு கோடு. அப்பா வாழ்நாளெல்லாம் கொடி காட்டிய பாதை அது. அதன்மேல் ஒரு ரயில் புகை விட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்தங்கியது. கிள்ளான் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போவதை முழுசாகப் பார்த்தேன். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. பின் இருக்கையிலிருந்து பேசுகுழாயில் துரையின் குரல் வந்தது. "நீ சொன்னது சரி! காற்று மேலேதான் இருக்கிறது!" எனக்கு ஏற்பட்ட பெருமையை என்னவென்று சொல்ல.

தோட்டம் வந்தது. இறங்கத் திரும்பினோம். முன்னால் உட்கார்ந்திருந்ததால் நான்தான் தரையை நன்றாகப் பார்த்தேன், துரைக்கு நடுவில் என் தலையும் எஞ்சினும் மறைத்தன. புல்தரையின் ஓரத்தில் அய்யாக்கண்ணு கோவணத்தோடு நின்று, தன் வேட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். வேட்டி பட்டென்று பக்கவாட்டில் விறைத்து நின்றது. வரவேற்கிறார் என்று நினைத்து நான் கையை ஆட்டினேன். அவர் இன்னும் உயரமாகத் தூக்கினார். நான் இன்னும் பலமாக ஆட்டினேன்.

மரங்கள் விட்டுப்போன ஓர் இடைவெளியைத் தாண்டும்போது இடது பக்கத்திலிருந்து ஏதோ எங்களைக் கையால் தூக்கியது. இடது இறக்கை மேலே போனது, வலது இறக்கை புல்லைக் கீறியது. சக்கரம் முறிந்தது. வானம் ஒரு முறை கீழே வந்து போனது. அப்புறம் பெட்ரோல் வாசனை, எங்கோ ஒரு காகம், யாரோ என் அக்குளில் கைகொடுத்து இழுப்பது. என் இடது கால் என்னோடு வரவில்லை என்று நினைத்தேன். வந்தது. சப்பாத்துதான் வரவில்லை.

துரைக்கு நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். என்னை ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்து, தோட்டத்து லோரியில் ஏற்றி, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

*

இனி வைத்தியம். தொடை எலும்புதான் உடம்பிலேயே பெரிய எலும்பாம். என்னுடையது நடுவில் இரண்டாகப் போயிருந்தது. எக்ஸ்ரே என்று ஒரு படம் எடுத்தார்கள். வலிக்காது, ஆனால் அதற்காகப் புரட்டிப் போடுவது வலிக்கும். படத்தைப் பெரிய டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, ரிக்‌ஷாவில் இரண்டு பேர் இடம் பிடித்ததுபோல.

மற்றதை விளக்கியவர் டிரஸ்ஸர். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி மருந்து, கட்டு, ஊசி எல்லாம் பார்க்கிறவர்களை இங்கே டிரஸ்ஸர் என்போம். இவர் யாழ்ப்பாணத்துக்காரர், கஞ்சி போட்ட சட்டை, கறாரான ஆள்.

"தம்பி, எலும்பு முறிஞ்சால் சதை சும்மா இராது, சுருங்கி இழுக்கும். அதாலைதான் துண்டுகள் ஏறி நிக்குது. நாங்கள் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் சதை களைச்சு விட்டுடும். பிறகு எலும்பு தானாய்ப் பொருந்தும்" என்றார்.

"எத்தனை நாளைக்கு இழுப்பீங்க?"

"நாள் கணக்கு இல்லை. மாதக் கணக்கு. அசையாதையும்."

காலைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டம். அதிலிருந்து கயிறு, கட்டில் கடைசியில் ஒரு கப்பி, கயிற்றின் நுனியில் தொங்கும் எடை. எடையோடு சேர்ந்து நானும் சறுக்கிப் போய்விடாதபடி கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே செங்கல் அடுக்கினார்கள். பிரிக்பீல்ட்ஸ்காரனுக்குப் போன இடத்திலும் செங்கல்தான்.

முதல் பத்து நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. வலிக்கு மோர்பியா ஊசி போட்டார்கள். அது வலியைப் போக்குவதில்லை, பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளி வைக்கிறது. வலி அங்கே முனகிக்கொண்டிருக்கும், நான் இங்கே மிதந்துகொண்டிருப்பேன். தலை தாழ்ந்து கால் உயர்ந்து படுத்திருந்ததால், கட்டில் எந்நேரமும் எங்கேயோ இறங்கிக்கொண்டே இருந்தது. குட்டைகள் பளிச்சிட்டு அணைந்தன. ஆறு வளைந்தது. மத்தியான வார்டு முழுவதும் தூங்கும்போது, கொசுவலை மூச்சு விட்டு மூச்சு வாங்கும்போது, தரை கிட்டக் கிட்ட வரும், அய்யாக்கண்ணு வேட்டியைப் பிடித்து நிற்பார். நான் கையை ஆட்டுவேன். தரையைத் தொடுவதற்குள் யாராவது தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிடுவார்கள்.

லூர்து முதல் நாள் வந்தபோது திட்டினாள். இரண்டாம் நாள் அழுதாள். மூன்றாம் நாளிலிருந்து கேரியரில் சோறு கொண்டு வந்தாள். தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே வருவாள், வெயிலில் முகம் கறுத்துப் போனது. நான் படுத்தபடி சாப்பிட்டால் குழம்பு கழுத்தில் ஒழுகுமே என்று, குழம்பைச் சோற்றில் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கொண்டு வந்தாள். வலது கால் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

"ஒத்தச் சப்பாத்து எதுக்கு?" என்றேன்.

"நடக்கத்தான். இன்னொண்ண அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். நான் நடப்பேனா என்று டாக்டரே அதுவரை சொல்லவில்லை.

இரண்டாம் வாரம் துரை வந்தார், நெற்றியில் பிளாஸ்திரி. எனக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்தார். ஒரு காகிதமும் கொண்டு வந்தார். விபத்தைப் பற்றிக் கிளப் கமிட்டி விசாரிக்கிறது, நடந்ததை டைப் அடித்திருக்கிறது என்றார். கீழே காற்று இல்லை என்று காவல்காரன் தொலைபேசியில் கிராணியிடம் சொன்னான், கிராணி அதை அப்படியே விமானியிடம் சொன்னான் என்று இருந்தது.

"சரிதானே?" என்றார் துரை.

"சரிதான் சார்." கையெழுத்துப் போட்டேன். படுத்தபடி போட்டதால் கோணலாக விழுந்தது.

"அந்த முட்டாளை மாதக் கடைசியில் அனுப்பிவிடப் போகிறார்கள். தோட்டத்தில் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். உன்மேல் தப்பில்லை, கவலைப்படாதே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, இன்னொரு பக்கம் கோபமாக இருந்தது. அந்த ஆள் சரியாகச் சொல்லியிருந்தால் நான் இப்படிக் கிடப்பேனா? ஆரஞ்சை உரித்துத் தின்றேன், இனிப்பாகத்தான் இருந்தது.

*

அதற்கு அடுத்த வாரம், சாயங்கால வெயில் வார்டுக்குள் நீளமாக விழுந்துகொண்டிருந்த நேரம். தங்கம்மா என்கிற ஆயா கொசுவலைகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்தார். மதுரைப் பக்கத்து அம்மா, ஊரிலிருந்து வந்து ரொம்ப நாளாகவில்லை. என் வலையை அவிழ்த்ததும் அது உப்பிக்கொண்டு என்மேல் படுத்தது.

"மேல்காத்து கிளம்பிருச்சு. மழை வரும் போல. இருங்கய்யா, மேல ஜன்னலச் சாத்திட்டு வாரேன்" என்றார்.

நான் மேலே பார்த்தேன். கூரைக்குக் கீழே காற்றுக்காக வரிசையாக ஓட்டைகள் இருந்தன. அவற்றுக்குக் கதவே கிடையாது. இந்த அம்மா எதைச் சாத்தப் போகிறார், ஏணி போடுவாரா என்று வேடிக்கை பார்த்தேன். அவர் ஏணியைத் தேடவில்லை. நேராக வெயில் வந்துகொண்டிருந்த பக்கம் போனார், சூரியன் இறங்கும் பக்கம். அங்கிருந்த பெரிய ஜன்னலைச் சாத்தினார். என் கொசுவலை உடனே தொய்ந்து நின்றது.

"ஆயாம்மா, அது மேல ஜன்னலா?"

"ஆமாய்யா. அது மேலப்பக்கம், இது கீழப்பக்கம்" என்று கிழக்கு ஜன்னலைக் காட்டினார். "மேலத் தெரு, கீழத் தெருன்னு கேட்டதில்லயா நீங்க?"

நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்பா ரயில் பாதைக்கு அந்தப்பக்கம், இந்தப்பக்கம் என்பார். பள்ளிக்கூடத்தில் கிழக்கு, மேற்கு என்று வரைபடத்தில் படித்தேன். மேல் என்றால் எனக்கு அண்ணாந்து பார்ப்பதுதான். மேல்காற்று என்றால் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று. வடக்குத் தெற்காக இருக்கும் தளத்தில், குறுக்கே அடிக்கும் காற்று. விடிந்ததிலிருந்து அடிக்கிறது என்று அந்த மனிதர் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார். நான் அதைக் கேட்டு, கீழே காற்றே இல்லை என்று சொல்லி, ஏறி உட்கார்ந்து, அவரைப் பார்த்துக் கையையும் ஆட்டியிருக்கிறேன்.

வலியை ஊசி பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளும் என்று சொன்னேனே, இதைத் தள்ள எந்த ஊசியும் இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. லூர்திடம் காய்ச்சல் என்றேன். தெர்மாமீட்டர் இல்லை என்றது. என் கவலையெல்லாம் முதலில் என்னைப் பற்றித்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். நொண்டிக் கிராணிக்கு வேறு எங்கே வேலை? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கையெழுத்து விழுந்துவிட்டது. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கப்பல் போய்விடும். இப்படி இரண்டு நாள் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் அய்யாக்கண்ணுவே வந்துவிட்டார்.

வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி வந்து கட்டிலுக்கு மூன்று முழம் தள்ளி நின்றார். லூர்து முக்காலியைக் காட்டினாள், உட்காரவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். என் இடது கால் சப்பாத்து. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார், வாங்கிய அன்றுகூட அது அப்படிப் பளபளத்ததில்லை.

"ரப்பர் காட்டுக்குள்ள கெடந்திச்சுங்க. மூணு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறதுக்கு முன்னால குடுத்துடலாம்னு வந்தேன்" என்றார். பிறகு சப்பாத்தைப் பார்த்தபடியே, "என்னைய மன்னிச்சுக்கணுங்க. என்னால உங்க காலு போச்சு" என்றார்.

"நீங்க என்ன பண்ணினீங்க?" என்றேன். அதுவரை அவரை நீங்க என்று நான் கூப்பிட்டதில்லை.

"காத்து இல்லன்னு சொல்லிட்டேன்னு தொரை சொல்றாங்க. எனக்கு அப்படிச் சொன்னதா நெனப்பு இல்லீங்க. மேல்காத்துன்னுதான் சொன்னதா நெனப்பு. ஆனா அவ்வளவு பேரு சொல்றப்போ, நான்தான் ஒளறியிருப்பேன் போல. போன்ல பேசினா எனக்குக் கையெல்லாம் நடுங்கும்ங்க. அதான் வேட்டிய அவுத்துப் புடிச்சுக் காட்டினேன். பை இல்லியே. காத்து எந்தப் பக்கம்னு தெரியட்டும்னு. ஐயா கையை ஆட்டினீங்க. சரி, புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

கயிறும் எடையும் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே எழுந்து அவர் காலில் விழுந்திருப்பேன். கட்டிப் போட்டிருந்தார்கள். அழ மட்டும் முடிந்தது, அழுதேன். அவர் பயந்துபோய் டிரஸ்ஸரைக் கூப்பிடப் போனார். கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். நீங்கள் உளறவில்லை, சரியாகத்தான் சொன்னீர்கள், எனக்குத்தான் தமிழ் தெரியவில்லை என்று சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவரோ முக்காலியில் மெல்ல உட்கார்ந்து யோசித்தார்.

"அதுவும் சரிதாங்க" என்றார். "எங்க ஊர்ல தண்ணி மேக்கால மேட்டுலேர்ந்து வந்து கெழக்கே கடலுக்குப் போகும். அதனால அது மேல, இது கீழ. இங்க கடலு மேக்க இருக்கு. ஆறு மேல பாயுது. வந்த புதுசுல எனக்கே தல சுத்திச்சுங்க."

ஆறு மேலே பாய்கிற ஊரில்தான் நான் பிறந்து வளர்ந்திருக்கிறேன். அது எனக்குத் தெரியவே இல்லை.

அவர் போனதும் லூர்து கேரியரைத் திறந்தாள், மூடினாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

"துரைகிட்ட சொன்னா வேல போயிடும்" என்றேன்.

"போகட்டும். போனா எங்கண்ணன் வீட்டுல ரெண்டு மாசம் இருப்போம், மூஞ்சி சுளிச்சா சுளிக்கட்டும். அந்த ஆளு மூணு பொண்ண வச்சுக்கிட்டு எங்கங்க போவாரு?" என்றாள். இரண்டு சப்பாத்தையும் ஜோடியாகக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். "நாளைக்கு வர்றப்போ பேனா கொண்டாரேன். எழுதிடுங்க."

*

கடிதம் எழுத மூன்று நாள் ஆனது. மேலே பார்த்துப் படுத்தபடி எழுதினால் மை பேனாவுக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறது. அதைவிடக் கஷ்டம், இதை இங்கிலீஷில் சொல்வது. தமிழில் மேல் என்றால் மேலே, மேல் என்றால் மேற்கு என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். மோர்பியா அதிகமாகிவிட்டவன் எழுதியது மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். வேட்டியையும் எழுதினேன், நான் கை ஆட்டியதையும் எழுதினேன். என் முந்தைய கையெழுத்து செல்லாது என்று எழுதி, இந்தத் தடவை கோணாமல் கையெழுத்துப் போட்டேன். லூர்து அதைக் கிளப்புக்கே எடுத்துப்போய்த் துரையின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் துரை வந்தார். ஆரஞ்சு இல்லை.

"மேலேயும் மேற்கும் உங்களுக்கு ஒரே வார்த்தையா?"

"ஆம் சார்."

"அப்படியானால் கிழக்கு?"

"கீழ், சார். கீழே."

"கடவுளே, உங்கள் ஆட்கள் எப்படித்தான் வீட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள்?" என்றார். சிரிக்கவில்லை. அப்போது கட்டுப் பார்க்க வந்த டிரஸ்ஸரைப் பிடித்து, நீயும் தமிழன்தானே, இவன் சொல்வது உண்மையா என்று கேட்டார்.

டிரஸ்ஸர் கஞ்சிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உண்மைதான் சார். ஆனால் எங்கட ஊரிலை அந்தக் காத்தைக் கச்சான் எண்டுதான் கூடச் சொல்லுறது" என்று தமிழில் தொடங்கி, பிறகு இங்கிலீஷில் விளக்கினார். துரை என்னைப் பார்த்தார். கச்சான் என்றால் எனக்குத் தெரிந்தது ஸ்டேஷன் வாசலில் கூம்புப் பொட்டலத்தில் விற்கும் கடலை மட்டும்தான். அய்யாக்கண்ணு யாழ்ப்பாணத்துக்காரராக இருந்து, கச்சான் அடிக்கிறது என்று சொல்லியிருந்தால், கடலை வறுபடுகிறது சார், இறங்கலாம் என்று நான் சொல்லியிருக்கக்கூடும். அதையும் ஒப்புக்கொண்டேன். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாதக் கடைசிவரை மீதி இருந்த இரண்டு நாள்தான் ஆஸ்பத்திரியிலேயே நீளமான நாட்கள். மேல ஜன்னலில் வெயில் வரும், போகும். கொசுவலை உப்பும், தொய்யும். தங்கம்மா ஆயா ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் சொல்லுவார், வாடை, கொண்டல், தென்றல். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே சொல்லுவேன். பாதித் தூக்கத்தில் அந்தக் காற்றுகள் வார்டுக்குள் ஒவ்வொன்றாக வந்து கட்டில் கட்டிலாக விசாரித்துவிட்டுப் போவதாகத் தோன்றும். அய்யாக்கண்ணுவின் மூன்று பெண்களையும் நான் பார்த்ததில்லை. கப்பல் தட்டில் நிற்பதாக அடிக்கடி பார்த்தேன்.

மாதக் கடைசி நாள் கிளப்பிலிருந்து பியூன் காகிதம் கொண்டு வந்தான். காவல்காரர் அய்யாக்கண்ணு வேலையில் தொடர்வார் என்று முதல் வரி இருந்தது. அந்த வரியை லூர்துக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அடுத்த வரி என்னைப் பற்றியது. துரை கையாலேயே எழுதியிருந்தார். புதிதாக ஓர் ஆளை வைத்தால் அவனுக்கும் மேல் தெரியாது, உனக்காவது இப்போது தெரியும், நடக்க முடிந்ததும் வந்து சேர்.

"என்னங்க எழுதியிருக்காரு?" என்றாள்.

"என்னை முட்டாள்னு எழுதியிருக்காரு. வேலைக்கும் வரச் சொல்றாரு" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, கேரியரைத் திறந்தாள். அன்றைக்கு உருண்டை எத்தனை தின்றேன் என்று எண்ணவில்லை.

எலும்பு கூடிவிட்டது, ஆனால் இடது கால் வலது காலைவிட அரை அங்குலம் குட்டை. செருப்புத் தைக்கிறவர் அய்யாக்கண்ணு கொண்டுவந்த சப்பாத்துக்கு அடியில் ஒரு தோல் வைத்துக் கொடுத்தார். இப்போது தடியோடு நடக்கிறேன். கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

போன வாரம் வேலைக்குப் போன முதல் நாள். துரை இன்னொருவரை ஏற்றிக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போவதாக இருந்தார். எஞ்சின் சுற்ற ஆரம்பித்திருந்தது. தொலைபேசியை எடுத்தேன்.

"அய்யாக்கண்ணு அண்ணே, நான்தான். காத்து எப்படி?"

எதிர்ப்பக்கத்திலிருந்து வார்த்தை வார்த்தையாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல வந்தது. "சூரியன் எறங்குற பக்கத்துலேர்ந்துங்க… கடல் பக்கத்துலேர்ந்து… இந்த மேல… இல்லீங்க, அந்த வார்த்த வேணாம்ங்க."

"மேல்காத்துன்னே சொல்லுங்கண்ணே. எனக்குப் புரியும்."

"மேல்காத்துங்க!" என்று கத்தினார். பழைய குரல் திரும்பிவிட்டது. "விடிஞ்சதுலேர்ந்து மேல்காத்துதான்! கொஞ்சம்…"

அங்கே நிறுத்திவிட்டார். நான் வைத்துவிடுவேன் என்று காத்திருந்தார். வெளியே துரை கையை அசைத்து அவசரப்படுத்தினார். நான் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்கண்ணே. கொஞ்சம்?"

"கொஞ்சம் பொறுத்து வரச் சொல்லுங்க. மத்தியானத்துக்கு மேல அடங்கிடும்."

"அன்னிக்கும் இதைத்தான் சொல்ல வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றார்.

தடியை எடுத்துக்கொண்டு புல்தரையில் நடந்தேன். துரையிடம் போய், எஞ்சினை நிறுத்துங்கள் சார், மத்தியானம் போகலாம் என்றேன்.